டென்சில் திரும்பிப் பார்க்காத வருஷங்கள்

உலகத் தடகளப் போட்டியில், ஆண்களின் நான்கு பேர் நூறு மீட்டர் தொடர் ஓட்ட இறுதிச் சுற்றில், மூன்றாவதாக ஓடிய லின்வல் பின்னக்கின் கையிலிருந்து நான்காவதாக நின்ற டென்சில் ட்ரவர்ஸின் கைக்குப் பேட்டன் குச்சி போய்ச் சேர ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்த ஒன்பது வருஷமும் இரண்டு பேரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். நடுவில் உட்கார்ந்தார்கள், பஸ் ஏறினார்கள் என்றெல்லாம் பக்கத்து பாரிஷ்காரர்கள் (பாரிஷ் என்றால் அங்கே மாவட்டம்) சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ட்ரெலானிக்காரன் ஓடினான் என்றாலே அவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

இருவரும் ஜமைக்காத் தீவில், ட்ரெலானி பாரிஷில் உள்ள ப்ரெட்நட் கேப் ஊர்க்காரர்கள். அந்த ஊரில் விளைவது இரண்டு: மஞ்சள் யாம் கிழங்கு, வேகமான பையன்கள். கிழங்கு விலை போகாத வருஷம் உண்டு. பையன்கள் விலை போகாத வருஷம் இல்லை. தொடர் ஓட்டம் அங்கே விளையாட்டு என்பதைவிடப் பழக்கம் என்று சொல்லலாம். அடுப்படியில் நிற்கும் பெண்பிள்ளை உப்புக் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால்தான் நீட்டுவாள். கூரை வேய்கிறவன் சுத்தியலுக்கும் அப்படித்தான். கோயிலில் காணிக்கைத் தட்டு வரிசை வரிசையாக முதுகுப் பக்கமாகவே போகும், ஒரு காசு சிந்தாது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் ஒரே அணியில் அமைந்தபோது தீவு முழுவதும் தங்கம் கைக்கு வந்த மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு லின்வலின் தங்கை மார்வாவைத்தான் டென்சில் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று ஏற்பாடு ஆகியிருந்தது. போட்டி முடிந்து ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஆட்டுத்தலை சூப்புக்கு ஆடுகூடப் பார்த்து வைத்தாயிற்று.

பிழை எங்கே நடந்தது என்றால், செருப்பில் நடந்தது. ப்ரெட்நட் கேப்பில் எந்தத் தாயும் பிள்ளை காலுக்குச் சரியான அளவில் செருப்பு வாங்கியது கிடையாது. கால் வளரத்தானே போகிறது என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்னால் பழந்துணி அடைத்துக் கொடுப்பார்கள். டென்சிலின் தாய் மிஸ் இனெஸும் (அங்கே பாட்டியானாலும் மிஸ்தான்) அப்படியே. ஓட்டக் காலணி செய்யும் கம்பெனிக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு உங்கள் மகனின் அளவு என்ன என்று கேட்டபோது, இரண்டு கூட்டித்தான் சொன்னாள். மகனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. டென்சிலும் மறுபேச்சுப் பேசவில்லை. பெரிய செருப்பு அவனுக்குப் புதிதில்லை.

தொடர் ஓட்டத்தில் அளவுதான் எல்லாம். வாங்குகிறவன், தான் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கி அடி மேல் அடி ஒட்டி வைத்து அளந்து, பாதையில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டுவான். கொடுக்கிறவன் அந்தத் தாளை மிதித்த கணமே இவன் பாய வேண்டும். பாய்ந்தபின் தலையைத் திருப்பக் கூடாது. ‘கை’ என்று குரல் வந்ததும் கையைப் பின்னால் நீட்டிவிட்டு ஓட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். பயிற்சியெல்லாம், கால் வளர்ந்து ஒருவழியாக அளவுக்கு வந்திருந்த பழைய செருப்பில் நடந்தது. இறுதிச் சுற்றுக்கு, டெலிவிஷனில் தெரியட்டும் என்று, கம்பெனி அனுப்பிய பளபளக்கும் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு டென்சில் அதே எண்ணிக்கை அடி வைத்து அளந்தான். தாள் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குக் கூடுதலாகப் பின்னால் போய்விட்டது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

லின்வல் வளைவில் வந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றித் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். பேட்டனோடு அவன் தாளை மிதித்தபோது ஜமைக்காதான் முன்னால். டென்சில் பாய்ந்தான். “கை” என்றான் லின்வல். இடது கை பின்னால் வந்தது, உள்ளங்கை விரிந்து, விரல்கள் அசையாமல். பாடப் புத்தகத்தில் போடலாம் அப்படிப்பட்ட கை. லின்வல் நீட்டினான். ஒரு சாண் குறைந்தது.

பேட்டன் மாற்றுவதற்கென்று முப்பது மீட்டர் ஒதுக்கி இரு முனையிலும் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டி மாற்றினால் அணியையே நீக்கிவிடுவார்கள். கோட்டருகே நடுவராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கெர்டா அம்மையார், போட்டி நடந்த வட ஐரோப்பிய நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. சிவப்புக் கொடியை மடியிலிருந்து எடுத்தும்விட்டார். ஆனால் டென்சில் நெருங்கிய அளவுக்கு மஞ்சள் கோடு முன்னால் நகர்ந்தது. இன்னும் நெருங்கினான், இன்னும் நகர்ந்தது. மற்ற ஏழு நாட்டுக்காரர்களும் ஓடி முடித்து, கொடி போர்த்தி, அழுது, பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் தங்கள் ஆறாவது பாதையையும் கூட்டிக்கொண்டு, மைதானத்தின் பெரிய வாசல் வழியாக வெளியே போய்விட்டார்கள். கெர்டா அம்மையார் இரண்டு பக்கமும் பார்த்தார். கோட்டைத் தாண்டவில்லை, ஆகவே சிவப்புக் கொடி தூக்க முடியாது. மாற்றவில்லை, ஆகவே வெள்ளைக் கொடியும் தூக்க முடியாது. வாசல் காவலரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார். நேர்மையானவர்.

“மெதுவாப் போ மாப்ளே,” என்றான் லின்வல், நகரத்து டிராம் வண்டிகளுக்கு நடுவே.

“நீ வேகமா வா மச்சான்,” என்றான் டென்சில்.

இந்தப் பேச்சுவார்த்தை இரண்டு நாடுகளைக் கடந்தது. டென்சில் மேல் தப்பில்லை. அவனுக்கு ஆறு வயதிலிருந்து கோச்மார்கள் ஐந்து பேர் மாறி மாறிச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: கையில் பேட்டன் விழும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போ. குறைப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை, அவர்களுக்கும் தெரியாது. அட்லாண்டிக் கடல் வந்தது. பாதையின் இரண்டு வெள்ளைக் கோடுகளும் அலைமேல் நேராகப் போயின, மஞ்சள் கோடு அவற்றுக்கு முன்னால் போயிற்று. இருவரும் இறங்கினார்கள். கெர்டா அம்மையார் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளோடு இறங்கினார். மீன்பிடிக் கப்பல்கள் ரயில் கேட்டில் நிற்கிற மாதிரி நின்று வழிவிட்டன. ஒரு போர்ச்சுகீசிய சமையல்காரன் பொரித்த மத்தி மீனை டென்சிலின் கையில் வைத்தான். டென்சில் விரலை மூடி நான்கு எட்டு வைத்தபின்தான் இது குச்சியில்லை என்று தெரிந்து பின்னால் விட்டான். லின்வல் அதைப் பிடித்துச் சாப்பிட்டான்.

ட்ரெலானியின் ஃபால்மத் துறைமுகத்தில் கரையேறியபோது சுங்க அதிகாரி கூடவே ஓடி வந்து, அறிவிக்க வேண்டிய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். குச்சி ஒன்று என்றான் லின்வல். யாருடையது என்றார் அதிகாரி. அதைத்தானே ஐயா பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது, வேறு குறையில்லை.

தீவு அவர்களைக் கொண்டாடத்தான் செய்தது, அதில் சந்தேகம் வேண்டாம். தோற்றுவிட்டோம் என்று அழுதுகொண்டிருந்த மக்களுக்கு, இன்னும் தோற்கவில்லை என்ற செய்தி வந்தது. செய்தித்தாளில் தினமும் வானிலைக்குக் கீழே ஒரு வரி போட்டார்கள்: ‘பேட்டன் இன்னும் மாறவில்லை.’ ரம் கடையில் வெளிநாட்டுக்காரன் எவனாவது அந்த ஓட்டத்தைப் பற்றி வாயெடுத்தால், கடைக்காரர் ஜன்னலைத் திறந்து சாலையைக் காட்டுவார். அங்கே இருவரும் தூசி கிளப்பிக்கொண்டு போவார்கள். ஆட்டம் முடியட்டும் சார், அப்புறம் பேசலாம் என்பார் கடைக்காரர். வட நாட்டு மைதானத்திலோ, ஆறாவது பாதைக்கான கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காக ஒரு விளக்கையும் ஒரு காவலாளியையும் விட்டு வைத்திருந்தார்கள். அணியின் முதல் இருவரும் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஒருவன் டாக்ஸி ஓட்டப் போனான், ஒருவன் மதபோதகன் ஆனான்.

கல்யாணம் சொன்னபடி நடந்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு; விருந்துக்கு யாரும் நிற்காததால் ஆடு தப்பித்தது. மார்வா காலணியைக் கழற்றித் தோழியிடம் கொடுத்துவிட்டு, வெள்ளை உடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு டென்சிலின் இடது பக்கம் ஓடினாள். அவளும் பள்ளி நாட்களில் மோசமில்லாத ஓட்டக்காரி. பாஸ்டர் டாக்கின்ஸ் பருத்த மனிதர். சத்தியப் பிரமாணத்தின் முதல் பாதியை ப்ரெட்நட் கேப்பில் சொன்னார், மறு பாதியை ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் நின்று அடுத்த ஊரில் சொன்னார். டென்சில் பின்னால் நீட்டியிருந்த இடது கையில் மார்வா மோதிரத்தைப் போட்டாள்; டென்சில் வழக்கம்போல் பேட்டன் என்று நினைத்து விரலை மூட, பெண்ணின் கை உள்ளே மாட்டிக்கொண்டது. அதை விடுவிப்பதற்குள் ஒரு மலை ஏறி இறங்கிவிட்டார்கள். நல்ல சகுனம் என்று பாஸ்டர் சொன்னார். பின்னாட்களில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. எப்படி என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். மாண்டிகோ பே போகும் சாலை நீளமானது, லின்வல் நாகரிகம் தெரிந்தவன், கண்ணை மூடிக்கொண்டும் ஓடக்கூடியவன், கெர்டா அம்மையார் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டதென்று ஒரு மதியம் முழுக்கப் பின்தங்கினார். இதற்குமேல் எனக்குத் தெரியாது. குழந்தையை முதன்முதலில் அந்த உள்ளங்கையில் வைத்தபோது டென்சில் விரலை மூடவில்லை என்பதை மட்டும் ஊர் முழுவதும் பார்த்தது.

அந்தக் கைக்கு வந்த பொருட்களைச் சொல்லி முடியாது. சந்தைப் பெண்கள் கிழங்கு வைத்தார்கள். ஒரு வாயாடி உயிர்க்கோழி வைத்தாள். தேர்தல் காலத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் துண்டுப் பிரசுரம் வைத்தார்கள். பஸ் கண்டக்டர்கள் மீதிச் சில்லறை வைத்துவிட்டு, தவறான ஆள் என்று துரத்தி வந்து திரும்ப வாங்கினார்கள். எல்லாம் வந்தது. குச்சி மட்டும் ஒரு சாண் தள்ளியே இருந்தது.

லின்வலின் பாடுதான் கஷ்டம். முன்னால் போகிறவனைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டம், பின்னால் வருகிறவனைப் பார்த்துத்தான் வாய் திறக்கும். டென்சில் கை நீட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, எட்டாதவன் குற்றவாளி. இதில் மக்களைச் சொல்லிப் பயனில்லை. சந்தையில் கிழங்கு விற்கிற மிஸ் டோர்கஸ் என்பவள் வாரந்தோறும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

“ஏண்டா லின்வல், அவன் கையை நீட்டி இத்தனை வருஷமாச்சு. வச்சுத் தொலைக்க மாட்டியா? ஒரு சாண்டா. என் மூக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம்.”

“உன் வாய்க்கு அதெல்லாம் தூரமா, அத்தே,” என்பான் லின்வல், மூச்சு வாங்கிக்கொண்டே. சிரிக்கத்தான் செய்வான். ஆனால் வளைவு திரும்பியதும் அவன் மூச்சில் ஒரு மாற்றம் இருக்கும். அதைக் கேட்டவன் உலகத்தில் ஒருவன்தான். டென்சில் மச்சானின் முகத்தை அந்த வருஷங்களில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவன் மூச்சை வைத்தே பசியா, காய்ச்சலா, யாராவது ஏசினார்களா என்று பிரித்துச் சொல்வான். எட்டாவது வருஷம் அந்த மூச்சோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தது. வலது முழங்கால், ஒவ்வோர் எட்டுக்கும், காய்ந்த மூங்கிலைத் திருகுகிற மாதிரி.

இதற்கிடையில் டென்சிலின் செருப்பு எத்தனையோ தடவை தேய்ந்து போயிருந்தது. மிஸ் இனெஸ் ஒவ்வொரு தடவையும் புதுச் சோடியோடு சாலையோரம் காத்திருந்து, கூட ஓடியே மாட்டிவிடுவாள். ஒற்றைக்கால் அந்தரத்தில் இருக்கிற நேரம் பார்த்துச் செருகுவது ஒரு சாமர்த்தியம். ஒன்பதாவது வருஷம் தவக்காலத்தில் ஒரு நாள் அப்படி மாட்டிவிட்டபோது, பழந்துணி உருண்டையையும் முன்னால் அடைத்தாள்.

“இன்னும் எதுக்கும்மா துணி?” என்றான் டென்சில்.

“ரெண்டு அளவு கூட இருக்குல்ல. வளர்ற கால்தானே.”

“எனக்கு முப்பத்துநாலு வயசாச்சும்மா.”

“அதுக்கென்ன, உங்கப்பாவுக்கு நாப்பதுலகூட வளர்ந்துச்சு,” என்று சொல்லிவிட்டு மிஸ் இனெஸ் வீட்டுக்குப் போய்விட்டாள்.

டென்சில் கொஞ்ச தூரம் ஓடினான். ஆற்றுப் பாலம் வந்தது, போயிற்று. பழைய செருப்பில் அளந்த பயிற்சியும், புதுச் செருப்பில் அளந்த இறுதிச் சுற்றும் அவன் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடி வைத்தன. ஓடுகிறவனுக்கு யோசிக்க அதிக இடம் கிடையாது. ஆனால் இது பெரிய யோசனையும் இல்லை. ஒரு சாண் அளவுதான். சீக்கிரம் புறப்பட்டது தான்தான் என்று தெரிந்துபோயிற்று. தீவு முழுவதும் ஒன்பது வருஷமாக வேறொருவனை ஏசியிருக்கிறது.

“மச்சான்,” என்றான், திரும்பாமல். “தாள் தப்பா ஒட்டினேன். செருப்பு பெருசு.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“நீ கிளம்பின அன்னிக்கே. உன் குதிகாலுக்கும் செருப்புக்கும் நடுவுல ரெண்டு விரல் போகும் மாப்ளே. நான் வேற எதைப் பார்த்துக்கிட்டு வர்றேன்னு நினைச்சே?”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நின்னிருப்பியா?”

டென்சிலுக்கு நிற்கத் தெரியாது என்பதுதான் உண்மையான பதில். அன்றிலிருந்து அவன் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு ஓடினான்: வேகத்தைக் குறைக்க வேண்டும், லின்வலின் முழங்கால் முறிவதற்கு முன்னால் குறைக்க வேண்டும். குறைத்தால் பேட்டன் கைக்கு வரும். வந்தால் ஓட்டம் முடியும். முடிந்தால் தீவு தோற்றுப்போகும், அதுவும் கடைசி இடம். இதையும் அவன் மறக்கவில்லை.

மற்றவர்கள் மறக்க விடவும் இல்லை. சேதி எப்படியோ தலைநகர் கிங்ஸ்டன் வரைக்கும் போய், தடகளச் சங்கத்திலிருந்து மிஸ்டர் ஹெட்லி என்பவர் குளிர்சாதனக் காரில் வந்து சேர்ந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கூடவே வந்தார். அவர் பேசியது அரைமணி நேரம், சாரம் இவ்வளவுதான். ஒன்பது வருஷமாக இந்த நாடு ஒரு தொடர் ஓட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இது சின்ன விஷயமில்லை. பள்ளிக்கூடங்களில் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள், தபால்தலை வந்திருக்கிறது, ஆகஸ்டில் சுதந்திர தினம் வேறு வருகிறது. லின்வலுக்கு முழங்கால் வலிக்கிறது என்றால் சங்கமே களிம்பு வாங்கித் தரும். தயவுசெய்து அவசரப்பட்டு எதையும் வாங்கிக்கொண்டுவிடாதே.

“நாட்டுக்காகக் கேக்கறேன் தம்பி.”

“நாடு உக்காந்திருக்கு சார்,” என்றான் டென்சில். “ஓடறது நாங்க.”

மிஸ்டர் ஹெட்லி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அடுத்த குழியில் அவருடைய காரின் அச்சு முறிந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்தச் சாலையில் எல்லாருக்கும் முறியும்.

குறைப்பது என்று முடிவு செய்வது சுலபம், குறைப்பது எப்படி என்று யாரிடம் கேட்பது? பழைய கோச் ஒருவரைக் கேட்டதற்கு அவர் முகம் சிவந்து, குடும்பஸ்தனிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி கதவைச் சாத்திக்கொண்டார். கெர்டா அம்மையாரைக் கேட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு உதவி செய்தால் தன்னையே நீக்கிக்கொள்ள வேண்டிவரும் என்று வருத்தத்துடன் சொன்னார். அதற்குள் அவர் ட்ரெலானிப் பேச்சு நன்றாகவே பேசுவார், சனிக்கிழமை சூப்பில் கூடுதல் மிளகாய் கேட்பார். கடைசியில் மார்வாதான் வழி சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஓடி வந்தாள்.

“குழாயடியிலேருந்து தலைமேல தண்ணி வாளியோட நான் எப்படி வருவேன்?”

“நான் எங்கே பார்த்தேன்? எப்பவும் உன்னைத் தாண்டித்தானே போறேன்.”

“சரி, கேளு. தளும்பாம வரணும்னு நினைச்சா கால் தானாவே சின்னதா விழும். தலையில வாளி இருக்குன்னு நினைச்சுக்கோ. நிறைஞ்ச வாளி. வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லே, பிள்ளை அழுது.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “எங்கண்ணன் கால் போயிடும் டென்சில். அப்புறம் உன் பின்னால யாரும் வர மாட்டாங்க. கையை மட்டும் நீட்டிக்கிட்டு நீ தனியா ஓடிக்கிட்டிரு.”

ஒரு சனிக்கிழமை முற்பகலில், ப்ரெட்நட் கேப் பொதுக் குழாய்க்குக் கொஞ்சம் முன்னால், டென்சில் தலையில் வாளி இருப்பதாக நினைத்துக்கொண்டான். ஊர் முழுவதும் சாலையில் நின்றிருந்தது. ஒருவன் கால் மெதுவாவதை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டு அளவு பெரிய செருப்பு தரையில் தட்டுகிற சத்தம், முதலில் ஒரே கோடாக இருந்தது, பிறகு தனித்தனியாகக் கேட்டது. மஞ்சள் கோடு முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது, தயங்கியது, குழாயடியில் வந்து நின்றது. பின்னால் மூச்சு நெருங்கியது. அந்த மூச்சை டென்சில் அவ்வளவு பக்கத்தில் கேட்டதே இல்லை.

“கை,” என்றான் லின்வல். தேவையில்லைதான், கை அங்கேதான் இருந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

பேட்டன் உள்ளங்கையில் விழுந்த சத்தம் மூன்று மலை தாண்டிக் கேட்டதாகச் சொல்கிறார்கள். அது சூடாக இருந்தது. லின்வலின் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. கெர்டா அம்மையார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மஞ்சள் கோட்டருகே முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தார். கோட்டுக்கு உள்ளேதான், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு. வெள்ளைக் கொடி உயர்ந்தது. அதற்குள் பூச்சி அரித்து அதில் வெள்ளையைவிட ஓட்டைதான் அதிகம்.

அந்த நிமிஷம் குழாயடியிலிருந்து மிஸ் டோர்கஸ் மகளின் சாப்பாட்டுக் கடை வரைக்கும் சாலை செம்மண் நிறத்தில் சமமாக விரிந்தது, எட்டுப் பாதை, கடைசியில் வெள்ளைக் கோடு. மீதியிருந்த தூரம் அவ்வளவுதான். டென்சில் ஓடினான். கடைசி இடம் என்பது ஒன்பது வருஷத்துக்கு முன்பே தீர்மானமான விஷயம். நடந்து போனாலும் அதே இடம்தான். அவன் அப்படி நினைக்கவில்லை. மெதுவாக ஓடியது பழியாகப் பட்டதோ என்னவோ, அந்த நூறு மீட்டரையும் நெருப்பு வைத்த மாதிரி ஓடினான். காற்றில் சாப்பாட்டுக் கடையின் தகரக் கூரை மேலே எழும்பி மறுபடி உட்கார்ந்தது. ஆடுகள் மற்ற ஏழு பாதைகளிலும் நின்று பார்த்தன. மார்பை முன்னால் தள்ளிக் கோட்டைக் கடந்தான். கடந்தவன் கடைக்குள் புகுந்து, சுட்ட கிழங்கும் உப்புக் கருவாடும் வைத்திருந்த பலகையோடு பின்வாசல் வழியாக வெளியே வந்தான். வட நாட்டு மைதானத்தில் கடிகாரம் நின்றது. காவலாளி விளக்கை அணைத்துவிட்டுப் பெண்சாதியிடம் போனான்.

கெர்டா அம்மையார் ஓட்டத்தின் நேரத்தை அறிவித்தார். வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம், வினாடி, வினாடியில் நூறில் எத்தனை பங்கு என்று அவர் படித்து முடிப்பதற்குள் குழாயடியில் இரண்டு வாளி நிறைந்தன. எட்டாவது இடம் என்றார். எட்டுப் பேரில் எட்டாவது. ஒன்பது வருஷமாகத் தோற்காத நாடு தோற்றுவிட்டது. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது டாமினோ மேசையிலிருந்து ஒரு கிழவர் தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டு, முடிந்தது நல்லதாகப் போயிற்று, வரப்போகிற ஆட்டத்துக்கு ஆள் பார்க்க வேண்டாமா என்றார். அவ்வளவுதான். யாரோ ஸ்பீக்கர் பெட்டியைச் சாலைக்கு இழுத்தார்கள், ஒன்பது வருஷமாகத் தப்பித்து வந்த ஆட்டின் பேரனைப் பிடித்து வந்தார்கள். மிஸ் டோர்கஸ் தன் வாயால் லின்வலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

டென்சில் கடையைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்தான். லின்வல் குழாயடியில் ஒரு கிழங்குக் கூடையின் மேல் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். டென்சில் திரும்பிப் பார்த்தான். பார்க்கலாம், இனி எந்தச் சட்டமும் தடுக்காது. ரொம்ப நேரம் பார்த்தான்.

“மச்சான், உனக்கு எப்போ தலை நரைச்சது?”

“உன் கல்யாணத்துலயே ஆரம்பிச்சுடுச்சு மாப்ளே. வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“வராமலா இருந்தேன்?”

“முதுகுதானே வந்தது.” லின்வல் எழுந்திருக்கப் பார்த்தான், முழங்கால் ஒப்பவில்லை. “உன் பிடரியில ஒரு மச்சம் இருக்கு, தெரியுமா? காப்பிக்கொட்டை மாதிரி. உன் பொண்டாட்டிக்குக்கூட அதை நான்தான் சொன்னேன்.”

டென்சில் இடது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவிப் பார்த்தான். அந்தக் கைக்கு அதுதான் பழகிய திசை. பிறகு அதே கையை முன்னால் கொண்டுவந்து நீட்டினான். லின்வல் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இருவரும் கடையை நோக்கி நடந்தார்கள். யாருக்கும் வேகம் சரியாக வரவில்லை. ஒருவன் முந்துவான், மற்றவன் மாப்ளே என்பான்.

கெர்டா அம்மையார் ஊர் திரும்பவில்லை. கோயில் பாட்டுக் குழுவில் இருக்கிறார், தப்பாகப் பாடுகிறவர்களைப் பார்த்துச் சிவப்புக் கொடி காட்டுகிறார் என்று சிறு குறை உண்டு. குழாயடிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே வந்த எட்டுப் பாதைச் சாலையும் போகவில்லை. பாரிஷ் கவுன்சில்காரர்கள் வந்து அளந்து பார்த்து, ட்ரெலானியில் குழி விழாத சாலை இது ஒன்றுதான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மழைக்காலத்தில் மற்ற வழியெல்லாம் அடித்துக்கொண்டு போகிறபோது கிழங்கு லாரிகள் அதில்தான் போகின்றன. வலது பக்கம் இருக்கும் நான்கு பாதைகள் எதிரே வருகிறவர்களுக்கு. இதை மட்டும் வெளியூர் டிரைவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.